திட்டு, திட்டமான கதை

பூட்டுக்காரருக்கு அன்று காலை அழைப்பு வந்தது தலைக்கவச விழிப்புணர்வு இயக்ககத்திலிருந்து. அப்படியோர் அலுவலகம் ஊரில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். விழிப்புணர்வு வாரம் தொடங்கப் போகிறது, ஊர்வலத்துக்கான தலைக்கவசங்கள் எல்லாம் சேமிப்பறைக்குள் இருக்கின்றன, அறையின் சாவியோ மாற்றலாகிப் போனவருடைய கால்சட்டைப் பையில் சேர்ந்தே மாற்றலாகிப் போய்விட்டது என்று போனில் பேசியவர் மூச்சுவிடாமல் சொன்னார். பூட்டுக்காரர் கருவிப் பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். தலைக்கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

பூட்டு அப்படியொன்றும் பிகு பண்ணவில்லை. கம்பியை விட்டு லேசாக நெம்பியதும் வாயைத் திறந்துவிட்டது. உள்ளே கூரை வரைக்கும் தலைக்கவசங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். உறையைப் பிரித்தால் அது பயன்படுத்திய பொருளாகிவிடும், அடுத்த தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று சேமிப்பறைப் பொறுப்பாளர் கையைப் பிசைந்தார். ஆகவே ஊர்வலத்தில் போகிறவர்கள் உறையோடு அணிந்துகொள்வது, மூச்சு முட்டினால் கையை உயர்த்துவது என்று அங்கேயே நின்றவாக்கில் முடிவாயிற்று.

பூட்டுக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்தார். அவர் பார்வை திறந்த கதவின்மேல் விழவில்லை. பூட்டுக்காரரின் தலைமேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. அது ஒரு பழைய நீலத் தலைக்கவசம். மேலெல்லாம் கீறல், வார் வியர்வையில் ஊறி வெளுத்திருந்தது.

இது நம்முடையது இல்லையே என்றார் இயக்குநர். கடையில் வாங்கியது என்றார் பூட்டுக்காரர். கடையில் கிடைக்கிறதா என்று இயக்குநர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"எதுக்குப் போட்டுட்டு வந்திருக்கீங்க?"

"சைக்கிள்ல வந்தேன் சார்."

இயக்குநர் அங்கே கிடந்த ஓர் அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இயக்ககம் பிறந்த நாளிலிருந்து அவர்கள் பலூன் பறக்க விட்டிருந்தார்கள், கைகோத்து நின்றிருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளைத் தலை வரையச் சொல்லிப் பரிசு கொடுத்திருந்தார்கள். ஆனால் யாரும் சொல்லாமல், யாரும் படம் பிடிக்காமல், தானாகவே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிற ஓர் ஆளை அந்தக் கட்டடத்தில் இதுவரை கண்ணால் கண்டவர் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் காரில் வருகிறவர்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் பூந்தொட்டிகள் இருந்தன.

ஊர்வலம் ஒருபக்கம் கிடக்க, பூட்டுக்காரரைக் கூட்ட அறைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் வாசகங்களில் எந்த வாசகம் உங்களை மாற்றியது என்று கேட்டார்கள். வாசகம் எழுதுவதற்கென்றே அங்கே ஓர் அதிகாரி இருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் வரிசையாகப் பேனா. அவர் தன்னுடைய வாசகங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் மாட்டிக் காட்டினார். 'சிரம் காப்போம், சிரமம் தவிர்ப்போம்' என்பது அவருடைய தலைசிறந்த படைப்பு. பூட்டுக்காரர் அதைப் பேருந்தின் பின்புறத்தில் பார்த்திருந்தார். மலச்சிக்கல் மருந்து விளம்பரம் என்று நினைத்துவிட்டதாக, மனம் நோகக் கூடாதே என்று மெதுவான குரலில் சொன்னார். வாசக அதிகாரி பேனாவை மூடினார்.

பின்னே எதற்காக அணிகிறீர்கள் என்று இயக்குநர் விடாப்பிடியாகக் கேட்டார். பூட்டுக்காரர் நெளிந்தார். வீட்டு விஷயத்தை இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? கடைசியில், போன மழைக்காலத்தில் ஒருநாள் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்ததையும், வாசற்படியில் நின்று மனைவி சொன்னதையும் சொன்னார்.

"மண்டைய உடைச்சுக்கிட்டு வந்தீங்கன்னா உள்ள விடமாட்டேன். பூட்டுப் போட்டா தொறந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும். உள்தாழ்ப்பாள் போட்டுடுவேன்னு சொன்னா சார்."

அவ்வளவுதானா என்றார்கள். அவ்வளவுதான் என்றார். மறுநாளே கடைக்குப் போய் இந்த நீலத்தை வாங்கினாராம். அன்றிலிருந்து இது இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லையாம்.

இயக்குநர் அந்த வாக்கியத்தை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து, காரை அனுப்புங்கள் என்றார்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வாசலில் அரசாங்கக் கார் வந்து நின்று உங்கள் கணவர் விஷயமாக என்று டிரைவர் சொன்னதும் அவள் கைப்பையைக்கூட எடுக்காமல் ஏறிவிட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவள், கூட்ட அறையில் கணவர் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். அப்போது அவள் பார்த்த பார்வைக்கே வாசக அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார்.

அந்த வாக்கியத்தை உள்ளபடியே சொல்லிக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார். காரணமில்லாமல் திட்ட வராது என்றாள் அவள். ஆகவே பூட்டுக்காரரைத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கதவருகில் போய் நிற்கச் சொன்னார்கள். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாக்கியம் தானாக வந்தது. 'தாழ்ப்பாள்' என்ற இடத்தில் மேசையைச் சுற்றியிருந்த அதிகாரிகளின் கைகள் அவரவர் தலைக்குப் போயின. காருக்குக்கூடத் தலைக்கவசம் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது என்று துணை இயக்குநர் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கே அவள் இயக்ககத்தின் மதிப்புறு ஆலோசகர் ஆனாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையும் கொடுத்தார்கள். பூட்டுக்காரரை நீலத் தலைக்கவசத்தோடு நிற்க வைத்துப் படமெடுத்து, 'தானாக முன்வந்த முதல் குடிமகன்' என்று ஊரின் முக்குக்கு முக்கு பெரிய பெரிய படமாக வைத்தார்கள். மனைவியின் வாக்கியம் அந்தப் படங்களுக்குக் கீழே வருவதாக ஏற்பாடு. வாக்கியம் மட்டும் ஒப்புதலுக்குப் போயிருந்தது.

அது முதலில் மொழிப் பிரிவுக்குப் போனது. 'மண்டை' என்பது குடிமக்களின் தலையைக் குறிக்கத் தகுந்த சொல் அல்ல என்று சொல்லி 'சிரசு' ஆக்கினார்கள், 'உடைப்பது' 'சேதம்' ஆயிற்று. அடுத்து சட்டப் பிரிவு. ஒருவரை அவருடைய சொந்த வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்ல இயக்ககத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். நலப் பிரிவிலிருந்து வந்த அம்மாள், கல்யாணமாகாத சைக்கிள்காரர்கள் மனம் வருந்துவார்களே, அவர்களை யார் உள்ளே விடாமல் இருப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்வியாக எல்லோருக்கும் பட்டது. உள்தாழ்ப்பாள் இல்லாத வீடுகளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்கப்போக, விஷயம் வீட்டுவசதித் துறை வரைக்கும் போய்த் திரும்பியது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மனைவி அட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பல் மருத்துவமனையில் அவள் பேசுவதை வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். அவர்களால் பதில் சொல்ல முடியாது. இங்கே படித்தவர்கள் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு அடித்துக்கொண்டார்கள். முதலில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என் மாமியார்கூட என் சமையலை இவ்வளவு திருத்தினதில்லை என்று வீட்டில் வந்து சொன்னாள். போகப் போக அவளுக்கே தான் சொன்னது கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருந்ததோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. 'சேதம்' என்பதைவிட 'ஊறு' நன்றாக இருக்கும் என்று அவளே ஒருநாள் திருத்தம் சொன்னாள். பாராட்டிக் கைதட்டினார்கள்.

கடைசியில் வாக்கியம் இப்படி வெளியே வந்தது: 'சிரசுக்கு ஊறு விளைவித்துக்கொண்டு இல்லம் திரும்பும் மிதிவண்டியாளரை உள்ளே அனுமதிப்பது குறித்து, இல்லப் பொறுப்பாளர், உள்தாழ்ப்பாள் இருக்கும்பட்சத்தில், உரிய பரிசீலனைக்குப் பின் முடிவெடுக்கலாம் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.' இது முதல் பத்தி. இதற்குக் கீழே இல்லப் பொறுப்பாளர் என்பது யாரைக் குறிக்கும், திரும்புதல் என்பது எதைக் குறிக்கும் என்று விளக்கும் பத்திகள் இருந்தன.

திறப்பு விழா பெரிய நாற்சந்தியில் நடந்தது. பூட்டுக்காரரும் மனைவியும் மேடையில் இருந்தார்கள். இயக்குநர் நன்றாகப் பேசினார்.

"நான் இந்த இயக்ககத்துக்கு வந்ததுலேருந்து இன்னிக்கு வரைக்கும் என் தலையில ஒரு கீறல் விழுந்தது கிடையாது. காரணம் என்ன? நான் சைக்கிள்ல ஏறினதே கிடையாது. இந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் கிடைக்கணும்ங்கறதுதான் எங்க லட்சியம்."

கூட்டம் கைதட்டியது. திரையை விலக்கினார்கள். பலகையில் பூட்டுக்காரரின் முகம் மேலே ஓரமாக ஒதுங்கி, பத்திகளுக்கு இடம் விட்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து அந்த நாற்சந்தியில் சைக்கிள்காரர்கள் விழ ஆரம்பித்தார்கள். 'உள்தாழ்ப்பாள் இருக்கும்பட்சத்தில்' என்ற இடம் வருவதற்குள் முன்னால் இருக்கும் விளக்குக் கம்பம் வந்துவிடுகிறது. ஒருவர் இரண்டாம் பத்தியில் காய்கறி வண்டியின்மேல் ஏறினார். இயக்ககம் உடனே நடவடிக்கை எடுத்தது. பலகைக்குக் கீழே இன்னொரு பலகை வைத்தார்கள்: 'மேற்கண்ட பலகையைப் படிக்கும்போது மிதிவண்டி ஓட்டாதீர்.' இதைப் படிக்கிறவர்களும் விழுந்தார்கள். இத்தனை பேர் விழுகிற இடத்தில் விழிப்புணர்வு வாசகம் இருப்பது எவ்வளவு அவசியம் பாருங்கள் என்று இயக்குநர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

பூட்டுக்காரருக்கு வெளியே நடந்ததைவிட வீட்டில் நடந்ததுதான் பெரும்பாடாகிவிட்டது. ஆலோசகர்கள் ஒப்புதல் பெற்ற வாசகத்தையே எங்கும் பயன்படுத்த வேண்டும் என்று விதி. வீடும் எங்கும் என்பதில்தானே சேர்த்தி என்றாள் மனைவி. ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. காலையில் அவர் செருப்பை மாட்டியதும் அவள் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் நேராக நின்று, முதல் பத்தியைத் தொடங்குவாள். அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வாசகம் முடியுமுன் அணிவது வாசகத்தை மதிக்காததாகும் என்று அவளுக்கு அங்கே சொல்லியிருந்தார்கள்.

பூட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் சாவகாசமாகக் கூப்பிடுவதில்லை. கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர்கள். அவர் போவதற்குள் சிலர் ஜன்னல் கம்பியை வளைத்திருந்தார்கள், சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளிடம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. இந்த வயதில் அவளுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று உச்சரிப்பெல்லாம் பார்க்கிறாள், அதைப் போய் நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்தப் பழைய திட்டு இல்லாமல் என்னவோ போலிருந்தது. புது வாசகத்தைக் கேட்கும்போது தன் தலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றுவதில்லை.

ஒருநாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அடுப்பு எரிகிறது. பூட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார். மனைவி அப்போது முதல் பத்தியை முடித்து இரண்டாவதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த தலைக்கவசத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடி, வெறுந்தலையோடு சைக்கிளில் ஏறிவிட்டார்.

பெரிய நாற்சந்தியில் ஓர் ஆள் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, பலகையை ஒழுங்காக, ஓட்டாமல், நின்று படித்துக்கொண்டிருந்தார். அவர்மேல் மோதாமலிருக்க பூட்டுக்காரர் பிரேக்கைப் பிடித்தார். நடைபாதை விளிம்பு வந்து நெற்றியில் முட்டியது. தன்னுடைய முகம் மேலேயிருந்து சிரித்துக்கொண்டிருந்ததுதான் அவர் கடைசியாகப் பார்த்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். நெற்றியில் தையல். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் தலையில் அடி என்பதால் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அட்டை இருந்தது.

மாலையில் இயக்குநர் பழக்கூடையோடு வந்தார். கூடவே வாசக அதிகாரி. நலம் விசாரித்து முடித்ததும் இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் முழுக்கப் பூட்டுக்காரரின் முகம் இருக்கிறது, அப்படியிருக்க அவர் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளிலிருந்து விழுந்திருக்க வாய்ப்பில்லை என்று விளக்கினார். தீர விசாரித்ததில், விபத்து நடந்தபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போயிருக்கிறார் என்று தெரியவந்திருக்கிறது. ஆகவே அவர் பாதசாரி.

"அப்ப சைக்கிள்லேருந்து விழுந்தது யாரு சார்?"

"சைக்கிள் விழுந்துச்சு. நீங்க அதுக்குப் பக்கத்துல இருந்தீங்க. பக்கத்துல இருக்கறவங்களும் சில சமயம் விழறது உண்டு."

பூட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவி அவர் பக்கம் திரும்பி, ஏன் போடாமல் போனீர்கள் என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு வீடு எரிஞ்சு போயிடுமேன்னு ஓடிட்டேன். உன் பேச்ச மதிக்காம இல்லம்மா. எனக்கு அதுல நீ எங்க இருக்கேன்னே தெரியல."

அவள் முகம் என்னவோ ஆயிற்று. எழுந்து அட்டையைக் கழற்றி இயக்குநரின் பழக்கூடைக்குள் போட்டாள். இனிமேல் வரமாட்டேன் என்றாள். ஆலோசகர் விலகுவதைக் குழு கூடித்தான் ஏற்க முடியும், அதுவரை அவர் விலகாதவராகவே கருதப்படுவார் என்றார் இயக்குநர்.

"கருதிக்கோங்க சார். நான் வீட்டுல இருப்பேன். பழத்த எடுத்துட்டுப் போங்க, அவருக்குத் தையல் போட்டிருக்கு, கடிக்க முடியாது."

நெற்றித் தையலுக்கும் கடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க இயக்குநருக்குத் தைரியம் வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போனார். வாசக அதிகாரி மட்டும் கதவருகில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார்.

பூட்டுக்காரர் பாதசாரி என்று ஆகிவிட்டதால், பாதசாரிகளுக்குத் தலையில் அடிபடுகிறது என்பது அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. இயக்ககம் சும்மா இருக்குமா? பாதசாரித் தலைக்கவசத் திட்டம் பிறந்தது. தையல் பிரிக்கிற நாளன்று ஆஸ்பத்திரியிலிருந்து கணவனும் மனைவியும் நடந்து வந்துகொண்டிருந்தபோது எதிரே அதன் ஊர்வலம் வந்தது. இயக்குநர் முன்னால் காரில் வர, பின்னால் தலைக்கவசம் அணிந்த அதிகாரிகள் நடந்து வந்தார்கள். சிரம் காப்போம் என்று ஒலிபெருக்கி சொல்ல, சிரமம் காப்போம் என்று பின்னால் வந்தவர்கள் முழங்கினார்கள்.

ஊர்வலத்திலிருந்து ஓர் ஆள் நழுவி இவர்கள் பக்கம் வந்தார். வாசக அதிகாரி. அக்கா, உங்களிடம் ஒரு விஷயம், ஆபீஸ் விஷயம் இல்லை என்று தயங்கினார். அவருக்கு ஒரே மகள். கல்லூரிக்குச் சைக்கிளில் போகிறாள். தலைக்கவசம் போட மாட்டேன் என்கிறாள், முடி கலைந்துவிடுமாம். அவர் எழுதிய வாசகம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் சிரித்துவிட்டு, எதுகை எங்கே இடிக்கிறது என்று எடுத்துச் சொல்கிறாளாம்.

"நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து அவளத் திட்டிட்டுப் போவீங்களா அக்கா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நான் யார் அவளுக்கு, நான் திட்டினால் அவளுக்குக் கோபம்தான் வரும், நீங்கள்தான் திட்ட வேண்டும் என்றாள். எனக்குத் திட்ட வராது என்றார் அவர். வரும், சொல்லிப் பாருங்கள் என்று அவள் கணவரைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள். இவர்தான் உங்கள் மகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வாசக அதிகாரி தொண்டையைச் செருமினார். "அன்பு மகளே" என்று ஆரம்பித்தார். அவள் தலையை ஆட்டினாள். "உன் சிரசின் நலன் கருதி" என்றார். அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். ஊர்வலத்தின் கடைசி வரிசை அவர்களைக் கடந்து போனது. அவர் பூட்டுக்காரரின் நெற்றியைப் பார்த்தார். தையல் பிரித்த இடம் இன்னும் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏண்டி, நீ விழுந்துட்டா அப்புறம் நான் என்னடி பண்ணுவேன்?"

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. தான் சொன்னதைக் கேட்டுத் தானே மிரண்டவர் மாதிரி நின்றார். பிறகு பழக்க தோஷத்தில் அவர் கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று. மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க தம்பி. இத யார்கிட்டயும் காட்டவும் காட்டாதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க."

அவர் தலையில் இருந்த தலைக்கவசத்தைக் கழற்றிப் பூட்டுக்காரரின் கையில் கொடுத்தார். ஊர்வலம் போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, உதடு எதையோ முணுமுணுக்க, முதலில் நடந்தார், தெருத் திருப்பம் வந்ததும் ஓடினார்.